ஆறு மணி நேர வெளிச்சத்தில் ஸ்டாக்ஹோம்

அம்மா முப்பத்தோரு வருஷம் பாளையங்கோட்டையில் இயற்பியல் டீச்சராக இருந்தவர். அறிவியல் தினமான பிப்ரவரி 28 வந்தால் காலை பிரேயரில் சி.வி. ராமனைப் பற்றிப் பேசாமல் விடமாட்டார். ஓய்வு பெற்ற பிறகு எங்களோடு மூன்று மாதம் இருக்க ஜெர்மனிக்கு வந்திருந்தார். டிசம்பரில் ஐந்து நாள் லீவு போட்டு எங்காவது போய்வரலாம் என்று பேச்சு வந்தது. பாரிஸா, சுவிஸா என்று நான் யோசித்துக்கொண்டிருக்க, அம்மா கேட்டது இதுதான்: "ஏட்டி, ராமன் நோபல் பரிசு வாங்குன ஊருக்குக் கூட்டிட்டுப் போறியா?"

அப்படித்தான் சுவீடன் தலைநகர் ஸ்டாக்ஹோம் முடிவானது. தெரிந்தவர்கள் எல்லோரும் ஜூனில் போகச் சொன்னார்கள். டிசம்பரில் அங்கே இருட்டு, வயசானவரையும் ஐந்து வயசுக் குழந்தையையும் வைத்துக்கொண்டு சிரமப்படுவீர்கள் என்றார்கள். அவர்கள் சொன்ன இருட்டு உண்மைதான். ஆனால் அந்த இருட்டுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. அது பிடிபட இரண்டு நாள் ஆனது. டிசம்பரில் அங்கே போகிறவர்கள் அந்த இரண்டு நாளை வீணாக்க வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

எங்கள் முதல் தவறு விமான டிக்கெட்டிலேயே நடந்துவிட்டது. விலை குறைவாக இருந்ததால் பிற்பகல் மூன்றேகாலுக்கு இறங்கும் விமானத்தை எடுத்தேன். டிசம்பர் நடுவில் ஸ்டாக்ஹோமில் சூரியன் மறைவது இரண்டே முக்காலுக்கு. மேகத்துக்கு மேலே ஜன்னலில் ஒரு ஆரஞ்சுக் கோடு தெரிந்தது. கீழே இறங்கினால் ராத்திரி. பெட்டியை எடுத்து, மகளுக்குக் கோட்டு மாட்டி, ரயில் பிடித்து வீடு சேர்ந்தபோது மணி ஐந்தரைதான், ஆனால் உடம்பு பத்தரை என்று சொல்லியது. ஒரு பகல் முழுக்கப் போச்சு. நாற்பது ஐம்பது யூரோ கூடக் கொடுத்தாலும் காலை விமானமே எடுங்கள். அங்கே பகல் வெளிச்சம் அந்தக் காசைவிடப் பெரிது.

ஆர்லாண்டா விமான நிலையம் நகரத்துக்கு வடக்கே நாற்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. ஆர்லாண்டா எக்ஸ்பிரஸ் பதினெட்டு நிமிஷத்தில் கொண்டுபோய் விடும், ஆனால் விலை அதிகம். புறநகர் ரயிலில் நாற்பது நிமிஷம் ஆகும். விமான நிலைய ஸ்டேஷனுக்குத் தனிக் கட்டணம் உண்டு, அதைச் சேர்த்தாலும் விலை குறைவுதான். பஸ்ஸில் பக்கத்து ஊர் ஸ்டேஷனுக்குப் போய் அங்கே ரயில் ஏறினால் அந்தத் தனிக் கட்டணமும் மிச்சம் என்று பலர் சொல்வார்கள். தனியாளாக இருந்தால் செய்யலாம். அம்மாவும் குழந்தையும் பெட்டிகளும் இருக்கும்போது குளிரில் நின்று மிச்சம் பிடிக்க எனக்கு மனசு வரவில்லை.

நாங்கள் தங்கியது சோடர்மால்ம் தீவில், சுரங்க ரயில் ஸ்டேஷனிலிருந்து மூன்று நிமிஷ நடையில் ஒரு சின்ன வாடகை வீடு. ஸ்டாக்ஹோம் பதினான்கு தீவுகளின் மேல் இருக்கும் நகரம். எந்தத் தீவில் தங்கினாலும் சரி, ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் இருக்கட்டும். கோடையில் பதினைந்து நிமிஷ நடை பெரிதில்லை. டிசம்பர் காற்றில், தூங்கிவிட்ட குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நடக்கும்போது அதே தூரம் வேறு மாதிரி இருக்கும்.

அன்று ஸ்டேஷனிலிருந்து வெளியே வந்ததும் அம்மா நின்றுவிட்டார். தெருவில் ஆள் நடமாட்டம் இல்லை, மெல்லிய தூறல். ஆனால் இருபக்கமும் ஏறக்குறைய எல்லா ஜன்னலிலும் விளக்கு. காகித நட்சத்திரம் ஒன்று தொங்கும், அல்லது கூம்பு வடிவில் ஏழு மெழுகுவத்தி போன்ற மின்விளக்குத் தண்டு இருக்கும். கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரங்களான அட்வென்ட் காலம் முழுக்க அங்கே இப்படித்தான். திரையை இழுத்து மூடுவதில்லை. விளக்கை ஜன்னலில் வைக்கிறார்கள், அதனால் தெருவில் போகிறவருக்கும் அதில் பங்கு கிடைக்கிறது.

"நம்ம பாளையங்கோட்டையில டிசம்பர் வந்தா வீட்டுக்கு வீடு ஸ்டார் கட்டுவாவல்லா, அதே மாதிரில்லா இருக்கு" என்றார் அம்மா. குளிர் ஊருக்கு வந்து இறங்கிய பயம் அவர் முகத்திலிருந்து அப்போதுதான் போனது.

மறுநாள் காலை ஏழரைக்கு அம்மா எழுந்து ஜன்னலில் நின்று, "இன்னும் விடியலையாட்டி?" என்று கேட்டார். எட்டேமுக்காலுக்குத்தான் சூரியன் வரும் என்றேன். அன்று மேகமூட்டம் வேறு, ஒன்பது மணிக்கு ஒரு சாம்பல் வெளிச்சம் வந்தது, அவ்வளவுதான். தூறல் நிற்காததால் நேராக வாசா அருங்காட்சியகத்துக்குப் போனோம். அங்கேதான் இரண்டாவது தவறு.

வாசாவைப் பற்றிக் குறை சொல்லவே முடியாது. 1628 ஆகஸ்ட் 10 அன்று முதல் பயணத்திலேயே, 1300 மீட்டர் தூரம் போவதற்குள் துறைமுகத்திலேயே மூழ்கிய போர்க்கப்பல் அது. 333 வருஷம் தண்ணீருக்குள் கிடந்து 1961-இல் மேலே வந்தது. பால்டிக் கடலில் உப்பு குறைவு, மரத்தைத் துளைக்கும் கப்பல் புழு அங்கே வாழாது. அதனால்தான் மரம் பிழைத்திருக்கிறது. 69 மீட்டர் நீளக் கப்பல், சிற்பங்களோடு, அரையிருட்டில் முழுசாக நிற்கிறது. அம்மா அங்கேயே பாடம் எடுக்க ஆரம்பித்துவிட்டார். கப்பல் உயரத்துக்குத் தக்க அகலம் இல்லை, பீரங்கிகளின் கனம் மேலே, அடிப்பாரம் போதவில்லை. புறப்படும் முன்பே முப்பது பேரை மேல்தளத்தில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடவைத்துப் பார்த்திருக்கிறார்கள். கப்பல் பயங்கரமாக ஆடியதும் சோதனையை நிறுத்திவிட்டு, அப்படியே கடலுக்கு அனுப்பிவிட்டார்கள். "தெரிஞ்சும் அனுப்பியிருக்காவ பாரு" என்று அம்மாவுக்கு ஆற்றாமை. மகளிடம் ஒரு தண்ணீர் பாட்டிலைக் கொடுத்து, நேராக நிறுத்து, இப்போ தலைகீழாக நிறுத்து, எது சீக்கிரம் விழுகிறது பார் என்று காட்டினார். பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அங்கே டிக்கெட் கிடையாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

தவறு என்னவென்றால், நாங்கள் உள்ளே போனது பத்தரைக்கு, வெளியே வந்தது ஒன்றே முக்காலுக்கு. அந்த நாளில் மொத்தம் ஆறு மணி நேரம்தான் பகல். அதில் பாதிக்கு மேல் ஜன்னலே இல்லாத இருட்டு அரங்குக்குள் செலவழித்துவிட்டோம். வெளியே வந்து கொஞ்ச தூரம் நடப்பதற்குள் விளக்கு போட்டுவிட்டார்கள். மகள் அழ ஆரம்பித்தாள். அவளுக்கு அன்று பகலே வரவில்லை.

அன்றிரவு கணக்கை மாற்றிப் போட்டோம். வெளிச்சம் இருக்கும்போது வெளியே, இருட்டிய பிறகு அருங்காட்சியகம். ஒன்பதரைக்குக் கிளம்ப வேண்டும், இரண்டரை வரை திறந்த வெளி, மூன்றிலிருந்து ஐந்து வரை உள்ளே, அப்புறம் ஒரு மணி நேரம் விளக்கு பார்க்க நடை, ஆறரைக்கு வீடு. மதியச் சாப்பாட்டைக்கூட ஒன்றரைக்குத் தள்ளினோம். இதைச் செய்த பிறகு அதே ஊர் வேறு ஊராகிவிட்டது. குளிர்காலத்தில் நிறைய அருங்காட்சியகங்கள் ஐந்து மணிக்கே மூடிவிடும், சில திங்கட்கிழமை திறக்கவே திறக்காது. அதனால் முதலில் அந்த நேரங்களைக் குறித்துக்கொண்டு மற்றதை அதைச் சுற்றி அடுக்குங்கள்.

ஒரு நாளுக்கு ஒரு பெரிய இடம் போதும் என்பதும் அப்போது எடுத்த முடிவு. ஒவ்வொரு கட்டடத்துக்குள் போகும்போதும் நான்கு பேருக்குக் கோட்டு, தொப்பி, கையுறை, மஃப்ளர் எல்லாம் கழற்றி லாக்கரில் வைக்க வேண்டும். திரும்பும்போது எல்லாவற்றையும் மாட்ட வேண்டும். ஒவ்வொரு தடவையும் இருபது நிமிஷம் அதிலேயே போகும். அரண்மனையை நாங்கள் வெளியே நின்றுதான் பார்த்தோம். அதில் எனக்கு வருத்தமில்லை.

முதல் முழு நாளின் சாயங்காலம், அதாவது டிசம்பர் 13, புனித லூசியா நாள். பழைய நாள்காட்டிப்படி வருஷத்தின் நீண்ட இரவாக அதைத்தான் கருதினார்கள். ஒரு தேவாலயத்தில் நடந்த பாட்டு நிகழ்ச்சிக்கு மூன்று வாரம் முன்பே டிக்கெட் வாங்கி வைத்திருந்தேன். கடைசி நேரத்தில் கிடைப்பது கஷ்டம். விளக்கெல்லாம் அணைந்தது. பின்வாசல் பக்கமிருந்து மெல்லப் பாட்டு வந்தது. வெள்ளை அங்கியும் இடுப்பில் சிவப்புத் துணியும், தலையில் மெழுகுவத்திக் கிரீடமுமாக ஒரு பெண் நடுப்பாதையில் நடந்து வந்தாள். பின்னால் கையில் ஒவ்வொரு விளக்கோடு வரிசையாகப் பிள்ளைகள். கூம்புத் தொப்பியில் நட்சத்திரம் ஒட்டிய பையன்களும் இருந்தார்கள். மகள் மூச்சுவிடாமல் பார்த்தாள். அம்மாவுக்குக் கார்த்திகை நினைவு வந்திருக்க வேண்டும், என் கையைப் பிடித்துக்கொண்டார். ஒரு வார்த்தை பேசவில்லை. டிசம்பரில் போகிறீர்கள் என்றால், தேதியை 13-ஐச் சுற்றி அமையுங்கள் என்று நான் அழுத்திச் சொல்வேன். ஏறக்குறைய அதே சமயத்தில், நோபல் பரிசு வழங்கும் வாரத்தை ஒட்டி ஊரெங்கும் கட்டடங்களிலும் தண்ணீர் ஓரத்திலும் ஒளிச்சிற்பங்கள் வைக்கிறார்கள். 2020 முதல் நடக்கிறது. அதற்கு டிக்கெட் எதுவும் தேவையில்லை.

கிறிஸ்துமஸ் நாட்களில்தான் போக முடியும் என்றால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். அங்கே பெரிய நாள் 24-ஆம் தேதி. அன்று மதியத்துக்கு மேல் ஊர் வீட்டுக்குள் போய்விடும். 24, 25 இரண்டு நாளும் பல கடைகளும் அருங்காட்சியகங்களும் உணவகங்களும் மூடியிருக்கும். 23-ஆம் தேதியே சாமான் வாங்கி வைத்துவிட வேண்டும்.

இரண்டாம் நாள் ராத்திரி வானம் வெளுத்து, குளிர் இறங்கியது. மூன்றாம் நாள் காலை மைனஸ் ஏழு. முந்தின நாள் தூறல் அப்படியே நடைபாதையில் கண்ணாடி போல உறைந்திருந்தது. வீட்டு வாசலிலிருந்து பத்தடி போயிருப்போம், அம்மா சறுக்கி உட்கார்ந்துவிட்டார். "அத்தை!" என்று என் கணவர் பாய்ந்து பிடிப்பதற்குள் விழுந்தாயிற்று. தடித்த கோட்டு இருந்ததால் அடி படவில்லை. ஆனால் அந்த ஒரு நொடியில் எனக்கு உயிர் போய்த் திரும்பியது. நாங்கள் எல்லோரும் குளிருக்குத்தான் தயாராகி வந்திருந்தோம், சறுக்கலை யோசிக்கவில்லை.

ஷூவுக்கு மேலே மாட்டிக்கொள்ள, அடியில் சின்ன ஆணிகள் வைத்த ரப்பர் பட்டை அங்கே கடைகளில் கிடைக்கிறது. பிரொட்டார் என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். எங்களுக்கு 200 சுவீடிஷ் குரோனர் சுமாருக்குக் கிடைத்தது. அன்றிலிருந்து அம்மா ஒரு தடவைகூடச் சறுக்கவில்லை. கடைக்குள்ளோ ஸ்டேஷனுக்குள்ளோ போகும்போது அதைக் கழற்றிவிட வேண்டும். வழவழப்பான கல் தரையில் அந்த ஆணியே வழுக்கும். நகராட்சி நடைபாதைகளில் பொடிக்கல் தூவி வைக்கிறது, அது தூவியிருக்கும் பக்கமாகவே நடங்கள். சுவரை ஒட்டி நடக்காதீர்கள். கூரையிலிருந்து பனியும் ஐஸ் ஈட்டிகளும் விழும், அதற்காகவே கம்பு சாய்த்துத் தடுத்திருப்பார்கள். அதைத் தாண்டிப் போகவே கூடாது. ஷெங்கன் விசாவுக்காக எல்லோரும் 30,000 யூரோ காப்பீடு எடுப்போம், காகிதத்தைப் பெட்டியில் போட்டுவிடுவோம். அம்மா விழுந்த அன்றுதான் அந்தக் காப்பீட்டு எண்ணைத் தேடினேன். ஒரு நகல் கோட்டுப் பையில் இருக்கட்டும். அவசர எண் 112.

உடை விஷயத்தில் அம்மா ஊரிலிருந்து கொண்டுவந்த யோசனை ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர். அது வேலைக்காகாது. உள்ளே பருத்தி பனியன், நடந்தால் வேர்க்கும், அந்த ஈரம் பருத்தியில் நின்று, வெளியே வந்ததும் உடம்பைக் குளிரடித்துவிடும். தோலை ஒட்டி மெல்லிய கம்பளி, அதற்கு மேல் ஒரு ஸ்வெட்டர், எல்லாவற்றுக்கும் மேல் காற்றும் தண்ணீரும் புகாத நீளக் கோட்டு, இந்த மூன்று போதும். ஷூ ஒரு அளவு பெரிதாக இருக்க வேண்டும். இறுக்கமான ஷூவில் இரண்டு காலுறை போட்டால் விரல் அசையாது, அசையாத விரல்தான் முதலில் மரத்துப்போகும். குழந்தைக்கு ஐந்து விரல் கையுறை வேண்டாம், விரல்கள் ஒன்றாக இருக்கும் பை மாதிரிக் கையுறைதான் சூடு. உள்ளூர்ப் பிள்ளைகள் எல்லோரும் கழுத்திலிருந்து கணுக்கால் வரை ஒரே உடுப்பாக மாட்டிக்கொண்டு பனியில் புரள்கிறார்கள். கெட்ட வானிலை என்று ஒன்று இல்லை, கெட்ட உடுப்புதான் உண்டு என்று சுவீடன்காரர்கள் சொல்வார்கள். அவர்கள் மொழியில் அது எதுகையோடு வரும்.

ஒன்று கவனித்தேன். மைனஸ் ஏழில் வெயிலோடு நின்றது சுகமாக இருந்தது. பிளஸ் இரண்டில் ஈரக்காற்றோடு நின்றதுதான் எலும்பைத் தொட்டது. அதனால் வானிலை எண்ணைப் பார்த்து ஏமாறாதீர்கள், ஈரமும் காற்றும் எவ்வளவு என்று பாருங்கள். டிசம்பரில் பனி கொட்டிக் கிடக்கும் என்று எண்ணிப் போகவும் வேண்டாம். அது இருந்தாலும் இருக்கும், இல்லாமலும் போகும்.

அங்கே எல்லோர் கோட்டிலும் ஒரு சின்னத் தகடு நூலில் தொங்கும். மான், பூ, இதயம் என்று பல வடிவம். கார் விளக்கு பட்டால் பளிச்சென்று மின்னும். மூன்று மணிக்கே இருட்டும் ஊரில் நடந்து போகிறவர் டிரைவருக்குத் தெரிய வேண்டுமே. நாங்களும் நான்கு வாங்கிக் கட்டிக்கொண்டோம். மகளுக்கு அது ஜிமிக்கி மாதிரி.

அம்மா விழுந்து எழுந்த அந்தக் காலையில்தான் ஸ்லூசென் படகுத்துறையிலிருந்து யூர்கோர்டன் தீவுக்குப் படகு ஏறினோம். நகரப் போக்குவரத்து டிக்கெட்டே அதற்கும் செல்லும், குளிர்காலத்திலும் ஓடுகிறது. சுற்றுலாப் படகுக்குத் தனியாகக் காசு கொடுக்கத் தேவையில்லை. அங்கே குன்றின் மேல் ஸ்கான்சன். 1891-இல் ஆர்தர் ஹசேலியஸ் தொடங்கியது, உலகத்தின் மிகப் பழைய திறந்தவெளி அருங்காட்சியகங்களில் ஒன்று. நாட்டின் பல மூலைகளிலிருந்து பழைய மர வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து அப்படியே கட்டியிருக்கிறார்கள். 1903 முதல் அங்கே கிறிஸ்துமஸ் சந்தை நடக்கிறது. கலைமான், ஓநாய் எல்லாம் பார்க்கலாம். அங்கங்கே விறகு எரியும், குளிர் காயலாம். இரண்டரை மணி நேரத்துக்கு மேல் குழந்தை தாங்காது.

அங்கே பதினொன்றே முக்காலுக்கு அம்மா கையை நீட்டி, விரல்களை முட்டியாக மடக்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு அடிவானத்தைப் பார்த்தார். நீட்டிய கையில் மூடிய முட்டி ஏறக்குறைய பத்து டிகிரி. அன்று உச்சிச் சூரியன் அந்த முட்டிக்குள்ளேயே நின்றது. "ஏழு, ஏழரை டிகிரி இருக்கும். நம்மூர்ல இந்நேரத்துக்கு அம்பத்தெட்டு" என்றார். உச்சி வேளையே பன்னிரண்டுக்கு முன்னால் வந்துவிடுகிறது என்பதையும் அவர்தான் காட்டினார். அப்படியென்றால் நல்ல வெளிச்சம் பத்திலிருந்து ஒன்றரை வரை. புகைப்படம் எடுக்கிறவர்களுக்கு இது பெரிய விஷயம். நாள் முழுக்க சாயங்கால வெயில்தான், மஞ்சளும் காவியுமான பழைய சுவர்கள் அந்தச் சாய்ந்த வெயிலில் மின்னும்.

சூரியன் சாய்வாக இறங்குவதால் அந்திப்பொழுதும் நீளம். திருநெல்வேலியில் இருபது நிமிஷத்தில் முடிந்துவிடும் அந்தி, அங்கே முக்கால் மணி நேரத்துக்கு மேல் நிற்கிறது. சோடர்மால்மின் வடக்கு ஓரத்தில் மொந்தேலியஸ் பாதை என்று ஒரு குன்றோர நடைபாதை உண்டு. அடுத்த நாள் இரண்டரைக்கு அங்கே போய் நின்றோம். எதிரே தண்ணீர், அந்தப் பக்கம் நகர மண்டபத்தின் செங்கல் கோபுரம், வலது பக்கம் பழைய ஊர். சூரியன் போன பிறகு எல்லாமே நீலமானது. பனி நீலம், தண்ணீர் நீலம், கூரை நீலம்.

"ஏன் ஆச்சி எல்லாம் நீலமா இருக்கு?" என்று மகள் கேட்டாள்.

அம்மா அந்தக் கேள்விக்காகவே வாழ்நாள் முழுக்கக் காத்திருந்தவர் மாதிரி குனிந்து உட்கார்ந்து சொன்னார். வெளிச்சத்துக்குள் எல்லா நிறமும் இருக்கிறது, காற்றில் போகும்போது நீலம்தான் அதிகமாகச் சிதறி நம் கண்ணுக்கு வருகிறது, ராமன் தாத்தா 1921-இல் கப்பலில் போய்வந்தபோது மத்தியதரைக் கடலின் நீலத்தைப் பார்த்துத்தான் இதைத் தோண்ட ஆரம்பித்தார் என்று. குழந்தைக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது. எனக்குப் புரிந்தது. பத்தாம் வகுப்பில் அம்மாவிடமே படித்தும் அன்று புரியாதது.

ராமன் பரிசு வாங்கிய இடம் ஹோட்டோர்யெட் சதுக்கத்தில் இருக்கும் கான்செர்ட் ஹால். 1926-இல் திறந்தது, அதிலிருந்து பரிசு விழா பெரும்பாலும் அங்கேதான். 1930 டிசம்பர் 10 அன்று மன்னர் ஐந்தாம் குஸ்தாவ் கையால் ராமன் அங்கே பரிசு வாங்கினார். 1983-இல் அவர் அண்ணன் மகன் சந்திரசேகர், 2009-இல் சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன். கட்டடம் முழுக்க நீல நிறம், முன்னால் உயரமான தூண்கள். சதுக்கத்தில் பழச்சந்தையும் பூச்சந்தையும் நடக்கின்றன. படிக்கட்டுக்கு நேர் எதிரே ஆரஞ்சுப் பழத்தைக் குவித்து வைத்துக் கூவி விற்கிறார்கள். அம்மாவுக்கு அது மிகவும் பிடித்துப்போனது.

அன்று அவர் சேலை கட்டித்தான் வருவேன் என்று சொல்லிவிட்டார். மயில்கழுத்து நிறப் பட்டு. உள்ளே இரண்டு கம்பளிக் கால்சட்டை, ஜாக்கெட்டுக்குப் பதில் கழுத்து மூடிய ஸ்வெட்டர், காலில் பூட்ஸ், மேலே நீளக் கோட்டு. இது நன்றாகவே வேலை செய்தது, சேலையோடு குளிர்காலப் பயணம் போகிற அம்மாக்களுக்குச் சொல்லலாம். கொசுவத்தை இரண்டு விரல் தூக்கிக் கட்டினால் பனியில் ஓரம் நனையாது. படிக்கட்டில் நின்று கோட்டைக் கழற்றினார். மைனஸ் ஆறு. "அம்மா, ரெண்டு நிமிஷம்தான், மாட்டிக்கோ" என்றேன். "இரிட்டி" என்றார். தூண்களை அண்ணாந்து பார்த்தார். போட்டோவுக்குச் சிரிக்கவில்லை, கையைக் கட்டிக்கொண்டு பிரேயரில் நிற்பது போல நேராக நின்றார். பழக்கடைக்காரர் ஒருவர் வந்து மகள் கையில் ஒரு ஆரஞ்சைக் கொடுத்துவிட்டுப் போனார்.

பழைய ஊரான கம்லா ஸ்டானில், ஸ்டோர்டோரியெட் சதுக்கத்தில் நோபல் அருங்காட்சியகம் இருக்கிறது. சின்ன இடம், ஒன்றரை மணி நேரம் போதும். அங்கே உள்ள உணவகத்தின் நாற்காலிகளைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். பரிசு வாங்கியவர்கள் அடியில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். நகர மண்டபத்துக்குள் வழிகாட்டியோடு மட்டுமே போகலாம். நோபல் விருந்து நடக்கும் நீலக் கூடத்தில் நீலமே இல்லை, வெறும் செங்கல். நீலம் பூச நினைத்த கட்டடக் கலைஞர் ரக்னார் ஆஸ்ட்பெர்க், செங்கல் நிறம் பிடித்துப்போய் அப்படியே விட்டுவிட்டாராம்.

அங்கே போன அன்று எங்கள் டிக்கெட்டெல்லாம் என் போனில் இருந்தது. குளிரில் கையில் பிடித்தபடி படம் எடுத்துக்கொண்டே வந்தேன், நாற்பது சதவீதம் காட்டிய பேட்டரி வாசலில் பட்டென்று அணைந்துவிட்டது. குளிரில் பேட்டரி அப்படித்தான் செய்யும். கோட்டுக்குள் உடம்போடு ஒட்டிப் பத்து நிமிஷம் வைத்த பிறகு உயிர் வந்தது. போனை உள்பையில் வையுங்கள், டிக்கெட்டின் பிரதி இன்னொருவர் போனிலும் இருக்கட்டும். சுரங்க ரயில், பஸ், படகு எல்லாவற்றுக்கும் சேர்த்து செயலியில் 72 மணி நேர டிக்கெட் எடுத்திருந்தோம், அதுவும் அந்தப் போனில்தான். 65 வயது தாண்டியவர்களுக்கு அதில் விலை குறைவு, ஏழு வயதுக்குக் கீழே பெரியவரோடு போகும் குழந்தைக்கு டிக்கெட் வேண்டாம். ரொக்கம் மாற்றிக்கொண்டு போகாதீர்கள், ஐந்து நாளும் ஒரு நாணயத்தைக்கூட நாங்கள் தொடவில்லை. சந்தையில் வறுத்த பாதாம் விற்பவரும் கார்டுதான் கேட்டார்.

அந்த டிக்கெட்டை வைத்து ஒரு சாயங்காலம் முழுக்கச் சுரங்க ரயிலிலேயே சுற்றினோம். நூறு ஸ்டேஷன்களில் தொண்ணூறுக்கு மேல் ஓவியமோ சிற்பமோ இருக்கிறது. நீலப் பாதையில் போங்கள். டி-சென்ட்ராலெனில் வெள்ளைப் பாறைக் கூரையில் நீலக் கொடிகள், அந்த ஸ்டேஷனைக் கட்டிய தொழிலாளிகளின் நிழலுருவமும் ஒரு பக்கம் வரைந்திருக்கிறது. சோல்னா சென்ட்ரும் ஸ்டேஷனின் குகை முழுக்க ரத்தச் சிவப்பு வானம், கீழே பச்சைக் காடு. குளிரில்லை, நடை குறைவு, குழந்தைக்கு ஒவ்வொரு ஸ்டேஷனும் ஒரு கதை. மழைநாளுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

சாப்பாட்டைப் பற்றிப் பயந்துதான் போனோம், அம்மா முட்டைகூடச் சாப்பிடமாட்டார். வார நாட்களில் பதினொன்றிலிருந்து இரண்டு வரை உணவகங்களில் அன்றைய மதியச் சாப்பாடு என்று ஒன்று இருக்கும். 130 முதல் 160 குரோனருக்குள் சாலட், ரொட்டி, காபி எல்லாம் சேர்ந்து வரும், பல இடங்களில் சைவமும் உண்டு. ராத்திரி அதே கடையில் இரட்டை விலை. ராத்திரிக்கு வீட்டில் சோறும் ரசமும் வைத்துக்கொண்டோம். குழாய்த் தண்ணீரே நல்ல தண்ணீர், பாட்டில் வாங்க வேண்டாம். சாயங்காலக் காபிக்கு ஒரு பேக்கரிக்குள் நுழைந்ததும் அம்மா, "ஏலக்காய் வாசனைல்லா அடிக்கி!" என்றார். சுவீடன்காரர்கள் பன்னில் ஏலக்காயைக் கொரகொரப்பாக இடித்து அள்ளிப் போடுகிறார்கள். மேலே முட்டை தடவுவார்கள் என்பதால் அம்மா அதைத் தொடவில்லை. மசாலா வாசனையோடு மெல்லிசாக ஒரு இஞ்சி பிஸ்கட் டிசம்பர் முழுக்க எங்கும் கிடைக்கும், பெரும்பாலும் அதில் முட்டை இல்லை. பாக்கெட்டைப் படித்துப் பார்த்து வாங்கினோம். மகளுக்குக் குங்குமப்பூ போட்ட லூசியா பன்.

கடைசி நாள் காலை அம்மா ஒரு கடையில் காகித நட்சத்திரம் ஒன்றைக் கையில் எடுத்தார். பாளையங்கோட்டையில் பக்கத்து வீட்டு டீச்சருக்கு, முப்பது வருஷமாக ஒவ்வொரு டிசம்பரிலும் கேக் கொடுத்தனுப்புகிறவருக்கு. மடித்தால் தட்டையாகிவிடும், பெட்டியில் இடம் அடைக்காது. மின்சாரம் அங்கேயும் 230 வோல்ட்தான். ஆனால் விளக்கு மாட்டும் இடம் சின்னத் திருகு வகை, வீட்டில் இருக்கும் பழைய பின் வகை பல்பு அதில் சேராது. அதனால் பல்பும் இரண்டு சேர்த்து வாங்கி, கம்பளிக் காலுறைக்குள் சுற்றி வைத்தோம்.